கயிறு பிடிக்கிற வேலை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'குரூப் கோச்சிங்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நேற்று எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, நம்ம சின்னவ குரூப் ஃபோர் எழுதப் போறா. உங்க சென்டர்ல பீஸ் எவ்வளவு வாங்குதிய?" என்றார். "அண்ணாச்சி, இது குரூப் ஃபோரும் இல்லை, குரூப் டூவும் இல்லை" என்றேன். "அப்ப இது என்ன குரூப்பு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதினெட்டு வருஷத்துக்கும் மேலாக இதையே தொழிலாகச் செய்கிறேன். என் மாமியாருக்கே இன்னும் புரியவில்லை. ஆகவே அண்ணாச்சிக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் ஊரில் கோச்சிங் என்றால் பாடம் நடத்துவது. ஒருவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பார். நான் செய்வது அது அல்ல. ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். தனக்குக் கீழே வேலை பார்க்கிறவரிடம் தப்பைச் சுட்டிக்காட்ட அவருக்குத் தயக்கம். ஒரு கடைக்காரர் இருக்கிறார். அப்பா காலத்துக் கடையை மாற்ற வேண்டும், அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. இவர்களுக்குத் தெரியாத பாடம் ஒன்றுமில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது பாதிக்கு மேல் அவர்களுக்கே தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லவும், யோசிக்கவும், ஒரு தேதி குறித்துச் செய்யவும் ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை ஏற்படுத்திக் கொடுப்பதுதான் கோச்சின் வேலை. ஒருவரோடு தனியாக உட்கார்ந்து செய்யலாம். ஆறேழு பேரைச் சேர்த்து உட்கார வைத்தும் செய்யலாம். இரண்டாவதுதான் குரூப் கோச்சிங்.

இதில் ஒரு சின்ன வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கப்பலில் சரக்கு இறக்குகிற ஒரு குழு, ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உட்கார்ந்தால் அது டீம் கோச்சிங். இங்கே ஒவ்வொருவர் இலக்கும் வேறு வேறு. ஆனால் ஒருவர் பேசும்போது மற்ற ஆறு பேருக்கும் தன் வீட்டுக் கதை கேட்டதுபோல் இருக்கும். அதுதான் இதன் பலம்.

புதிய சரக்கு அல்ல

இது ஏதோ அமெரிக்காவில் இருந்து நேற்று கப்பலில் வந்து இறங்கிய சரக்கு என்று நினைக்க வேண்டாம். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு என்ற தொழில்முறை அமைப்பு 1995-இல் தொடங்கப்பட்டது உண்மைதான். அவர்களிடம் முதல் நிலைச் சான்று பெறவே பயிற்சி வகுப்போடு 100 மணி நேரம் கோச்சிங் செய்து காட்ட வேண்டும். அடுத்த நிலைக்கு 500 மணி, அதற்கும் மேலே 2500 மணி. ஆனால் விஷயம் அதைவிடப் பழையது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் ரெஜ் ரெவன்ஸ் என்பவர் ஒரு காரியம் செய்தார். சுரங்க மேலாளர்களுக்கு நிபுணர்களை வைத்து வகுப்பு எடுப்பதைவிட, அவர்களையே சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்து, அவரவர் சுரங்கத்துப் பிரச்சினையை ஒருவரிடம் ஒருவர் கேள்வி கேட்க வைத்தார். 1950களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற மருத்துவர் இதே போல் பொது மருத்துவர்களைக் குழுவாக உட்கார வைத்தார். ஜப்பானில் 1962-இல் தரவட்டங்கள் வந்தன. நம் நாட்டில் பி.எச்.இ.எல். அதை 1980-இல் தொடங்கியது. நம் தமிழ்நாட்டிலேயே 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 12 முதல் 20 பெண்கள், பாய் விரித்து, வட்டமாக. சேமிப்பும் கடனும் கணக்கில் தெரிந்தன. கணக்கில் தெரியாமல் நடந்த பேச்சு எத்தனை குடும்பத்தை நிமிர்த்தியது என்பது உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் எனக்கு இந்தத் தொழிலை உண்மையிலேயே புரியவைத்தது ரெவன்ஸும் இல்லை, பாலிண்டும் இல்லை. எங்கள் தெருவில் இருந்த ஒரு தாத்தா.

தாத்தா சொன்ன பாடம்

மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு இன்றுவரை நடக்கவில்லை. அந்தக் காலத்தில் இளவட்டமாக இருந்து வள்ளத்தில் கயிறு பிடித்தவர் அந்தத் தாத்தா. நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லுவார்.

குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூச்சை அடக்கிக் கீழே போவார். அடியில் ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியையெல்லாம் அள்ளிப் பையில் போட வேண்டும். மூச்சு முட்டும்போது கயிற்றை இழுத்துக் காட்டுவார். மேலே இருக்கிறவர் உடனே தூக்க வேண்டும். முந்தித் தூக்கினால் சிப்பி கிடைக்காது. பிந்தித் தூக்கினால் ஆள் கிடைக்க மாட்டான். அதனால்தான் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் நிறுத்துவார்கள் என்று நம் பக்கத்தில் சொல்லுவார்கள். அக்கா தங்கை தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது!

ஒருநாள் நான் கேட்டேன்: "தாத்தா, சும்மா கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கதுல என்ன பெரிய வேலை?"

அவர் சொன்னார்: "ஏல, குளிக்கவனுக்கு ஒரு நிமிசம் வேலை. பிடிக்கவனுக்கு அந்த ஒரு நிமிசமும் வேலை. பராக்குப் பாக்கக் கூடாது. பக்கத்து ஆள்ட்ட கதை பேசக் கூடாது. கயித்தக் கைமாத்தி விடக் கூடாது. நீயும் கூடக் குதிச்சிரவும் கூடாது."

அப்போது அது கதை. பிறகு நான் கோச் ஆன பிறகு, அந்த நாலு 'கூடாது'வையும் ஒவ்வொன்றாக மீறி, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் விட்ட கயிறு

இப்போது சொல்லப்போவது பெருமையான விஷயம் அல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் இந்த உரைக்கு அர்த்தமில்லை.

நான் தொழில் தொடங்கிய புதிது. ஒரு நிறுவனத்தில் 14 சூப்பர்வைசர்களுக்குக் குரூப் கோச்சிங் கேட்டார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது. எனக்கோ பெரிய ஆர்டர். சந்தோஷத்தில் எதையும் எழுதிக்கூட வாங்கவில்லை. முதல் நாள் எல்லோரிடமும், "இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், தைரியமாகப் பேசுங்கள்" என்று சொன்னேன். இரண்டாவது சந்திப்பில் ஒருவர் மனம் திறந்து பேசினார். வீட்டில் கடன், மகளுக்கு வைத்தியச் செலவு, வளைகுடா நாட்டில் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் கை வைத்தார். நல்ல குரூப் அமைந்துவிட்டது என்று எனக்குள் பூரிப்பு.

அன்று சாயங்காலம் மேலாளர் அறையில் டீ கொடுத்தார்கள். "எப்படி சார் போகுது நம்ம பசங்க?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் சாதாரணமாகத்தான் சொன்னேன்: "எல்லாரும் நல்லா இருக்காங்க சார். ஒருத்தர் மட்டும் வெளிநாடு போற யோசனையில இருக்கார். அதான் கொஞ்சம் மனசு இங்க இல்ல." பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 14 பேரில் அது யார் என்று கண்டுபிடிக்க ஒரு போன் போதும்.

அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. என் மூன்றாவது சந்திப்புக்கு 14 நாற்காலி போட்டிருந்தேன். வந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் எழுந்து, "சார், இங்க சொன்னது அங்க போயிருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. அந்த வேலை அன்றோடு முடிந்தது. சில மாதத்தில் அவரும் அந்த வேலையை விட்டுவிட்டார்.

பல வருஷம் கழித்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் அவரை எதேச்சையாகப் பார்த்தேன். எனக்கு எதிர் சீட். மன்னிப்புக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "விடுங்க சார், நீங்க வேணும்னு செய்யல. எனக்கும் வேற வேலை கிடைச்சுது. பிள்ளையும் நல்லா இருக்கா" என்றார். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "ஆனா சார், அன்னைக்குப் பிறகு எந்த மீட்டிங்லயும் நான் வாயத் திறந்ததில்ல" என்றார்.

கோவில்பட்டி வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

இதைப் பொதுமேடையில் சொல்லலாமா என்று பிறகு அவரிடமே கேட்டேன். "பேரு ஊரு இல்லாம சொல்லுங்க. நாலு பேரு கத்துக்கிட்டா சரி" என்றார். அதனால்தான் சொல்கிறேன்.

நம் ஊர் பெரிய நகரம் மாதிரித் தெரியும். ஆனால் ஹார்பரில் ஒருவருக்குத் தும்மல் வந்தால் திரேஸ்புரத்தில் ஒருவர் 'நூறு வயசு' என்பார். சின்ன ஊரில் ஒரு வார்த்தை ஒரு மனிதனின் பிழைப்பு. குரூப் நடத்துகிறவர் முதலில் இதை உணர வேண்டும்.

வள்ளம் இறக்குவதற்கு முன்னால்

முத்துக்குளிப்பை அரசாங்கம் நினைத்த மாத்திரத்தில் அறிவிப்பதில்லை. முதலில் பாரைப் போய்ப் பார்ப்பார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்துத் திறந்து, முத்து எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்று கணக்குப் பார்ப்பார்கள். விளையவில்லை என்றால் அந்த வருஷம் குளிப்பு கிடையாது. பல வருஷம் தொடர்ந்து கிடையாமல் போனதும் உண்டு. குரூப் கோச்சிங்கிலும் பாதி வேலை இப்படி முன்னாலேயே முடிகிறது. நான் கடைப்பிடிக்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒப்பந்தம். பணம் கொடுக்கிறவர் ஒருவர், உட்கார்ந்து பேசுகிறவர் இன்னொருவர் என்றால், இருவருக்கும் தெரிய ஒரே ஒரு பக்கத்தில் எழுதிவிடுவேன். நிர்வாகத்துக்கு நான் தருவது இரண்டுதான்: யார் யார் வந்தார்கள் என்ற வருகைக் கணக்கு, கடைசிச் சந்திப்பில் குழுவே ஒப்புக்கொண்டு சொல்லச் சொன்ன பொதுவான விஷயங்கள். யார் என்ன சொன்னார் என்பது கிடையாது. டீயோடும் கிடையாது, காப்பியோடும் கிடையாது. ஆனால் ஒன்று: உயிருக்கு ஆபத்து, சட்ட விரோதம் இவற்றை மறைக்க முடியாது. ஒரு கிரேனில் பிரேக் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அதை நான் பேசாமல் வைத்திருக்க முடியாது. இந்த எல்லையையும் முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிடுவேன். இதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். மூன்று ஆர்டர் இப்படிப் போயிருக்கிறது. வீட்டில் திட்டு விழுந்தது. பரவாயில்லை.

இரண்டாவது, ஆள் தேர்வு. ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே அரை மணி நேரம் தனியாகப் பேசுவேன். மூன்று கேள்வி: எதை மாற்ற நினைக்கிறீர்கள்? இந்தக் குழுவில் யார் இருந்தால் உங்களால் பேச முடியாது? நீங்களாக வருகிறீர்களா, அனுப்பப்பட்டு வருகிறீர்களா? இரண்டாவது கேள்விதான் மிக முக்கியம். மேலதிகாரியும் அவருக்குக் கீழே இருக்கிறவரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் அங்கே நடப்பது கோச்சிங் அல்ல, வருடாந்திரப் பரிசீலனை. அதே போல் ஒருவர் தாங்க முடியாத மனச்சோர்விலோ குடிப் பழக்கத்திலோ இருந்தால் அவருக்கு வேண்டியது டாக்டர். கோச் டாக்டர் அல்ல. 2022 முதல் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. அந்த எண்ணை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, எத்தனை பேர். பிரெஞ்சுக்காரர் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்தார். 1913-இல் அதை வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கிற பலம் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுத்தால் வரும் பலத்தில் ஒருவருக்குப் பாதிதான் வந்தது. இதற்குப் பிரான்ஸ் போக வேண்டாம். தேர் இழுக்கிற அன்று வடத்தைத் தொட்டுக்கொண்டு நடந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு! பேச்சிலும் அப்படித்தான். 14 பேர் இருந்தால் நாலு பேர் பேசுவார்கள், பத்துப் பேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு வருவார்கள். ஆகவே நான் ஆறு முதல் எட்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அதிகம் பேர் இருந்தால் இரண்டு குரூப்பாகப் பிரித்துவிடுவேன்.

நாலாவது, நேரமும் இடமும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், இதில்தான் பல குரூப் கவிழும். ஷிப்டு முடிந்து கண் எரிய வருகிறவரிடம் வாழ்க்கை லட்சியம் பேசக் கூடாது. விசைப்படகு உரிமையாளர்களுக்கு நடத்துவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடைக்காலம்தான் தோது. உப்பளக்காரர்களுக்கு அதே வெயில் காலம்தான் உயிர் நாடி, அப்போது கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். மழைக் காலத்தில் வைக்க வேண்டும். இடம், யாருக்கும் சொந்தமில்லாத பொது இடமாக இருக்க வேண்டும். முதலாளியின் கான்பரன்ஸ் ரூம் வேண்டாம். நாற்காலி வட்டமாக, நடுவில் மேசை இல்லாமல். கதவு சாத்த வேண்டும். மின்விசிறி சத்தம் போடக் கூடாது. சிரிக்காதீர்கள், மெதுவாகப் பேசுகிறவர் குரலை விசிறி சாப்பிட்டுவிடும்.

சந்திப்பு நடக்கும்போது

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம், மொத்தம் ஆறு சந்திப்பு. இது என் கணக்கு. முதல் சந்திப்பு அறிமுகத்துக்கும் குழுவின் விதிகளுக்கும் போய்விடும். விதிகளை நான் எழுத மாட்டேன், அவர்களே சொல்லி அவர்களே எழுத வேண்டும். மீதி ஐந்து சந்திப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு பேருக்கு முறை. எட்டுப் பேருக்கும் ஒரு முறை வந்து, இரண்டு இடம் மிச்சம் இருக்கும். அவசரம் உள்ளவருக்கு அது.

இரண்டு மணி நேரத்தைப் பிரிப்பது இப்படி. முதல் 15 நிமிஷம், போன தடவை சொன்னதைச் செய்தீர்களா என்ற சுற்று. செய்யவில்லை என்றால் திட்டு இல்லை. எது தடுத்தது என்று மட்டும் கேட்க வேண்டும். பிறகு ஒருவருக்கு 45 நிமிஷம், அடுத்தவருக்கு 45 நிமிஷம். கடைசி 15 நிமிஷம், ஒவ்வொருவரும் ஒரே ஒரு காரியம், ஒரே ஒரு தேதி. "முயற்சி பண்றேன்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். என்ன, யாரிடம், எந்தக் கிழமை?

நடுவில் உள்ள அந்த 45 நிமிஷத்தில்தான் வித்தை இருக்கிறது. ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்லி முடித்த உடனே மற்ற எல்லோரும் அட்வைஸ் சொல்லப் பாய்வார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. ஒருவர் காய்ச்சல் என்றால் ஐந்து பேர் கஷாயம் சொல்லுவோம். அதனால் முதல் 20 நிமிஷத்துக்குக் கேள்வி மட்டுமே, அட்வைஸ் கூடாது என்று விதி வைத்திருக்கிறேன். "நீ ஏன் இப்படிச் செய்யக் கூடாது?" என்பது கேள்வி மாதிரி வேஷம் போட்ட அட்வைஸ். அதுவும் கூடாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட அம்மாவிடம் அனுமதி வாங்கி, தொழிலை மாற்றிச் சொல்கிறேன். சுயதொழில் செய்கிற ஏழு பெண்கள் உள்ள குரூப். ஒரு அம்மா சொன்னார்: "சரக்குப் போகுது சார், காசுதான் வர மாட்டேங்கு. எல்லாம் கடன்." உடனே ஒருவர், "ஒரு நோட்டுப் போடுக்கா" என்றார். இன்னொருவர், "கடன் கிடையாதுன்னு போர்டு வைங்க" என்றார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "யார்கிட்ட காசு கேக்கதுதான் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?"

அந்த அம்மா பேசவில்லை. யாரும் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் பதறுகிறது. ஏதாவது சொல்லி அந்த மௌனத்தை மூடிவிடலாமா என்று நாக்கு துடிக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு வினாடிகூடக் காத்திருப்பதில்லை. மூன்று வினாடி காத்திருந்தாலே மாணவர்களின் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது. நான் அன்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினேழு வரை எண்ணினேன்.

"எங்க நாத்தனார்ட்டதான் சார்" என்றார் அந்த அம்மா. "மத்தவங்க பாக்கியெல்லாம் சின்னது. அவகிட்டதான் பெருசு. கேட்டா வீட்ல சண்டை வரும்."

அவர் சொன்னதும் இன்னொரு பெண், "எனக்கும் அதே கதைதான். எனக்கு என் தம்பி" என்றார். மூன்றாவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோட்டும் போர்டும் எங்கே போயின? பிரச்சினை கணக்கில் இல்லை, உறவில் இருந்தது. அது என் மூளைக்குத் தெரிந்த விஷயம் அல்ல. அந்த அம்மாவே மூச்சடக்கி உள்ளே போய் எடுத்து வந்தது. பிறகு அரை மணி நேரம், நாத்தனாரிடம் என்ன வார்த்தையில் கேட்பது என்று ஏழு பேரும் சேர்ந்து சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் நாத்தனாராகவே நடித்துக் காட்டினார். நல்ல சிரிப்பு. 'வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் வீட்டில், தனியாக' என்று முடிவானது. அடுத்த சந்திப்பில் அந்த அம்மா பாதிப் பணம் வந்துவிட்டது என்றார். மீதி இன்னும் வரவில்லை என்றுதான் கேள்வி. ஆனால் பேச்சு நிற்கவில்லை, உறவும் நிற்கவில்லை.

இன்னும் சில நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறையப் பேசுகிறவரை எல்லோர் முன்னாலும் அடக்கக் கூடாது. இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "உங்க உதவி வேணும் அண்ணே, அடுத்த கால் மணி நேரம் நீங்க கேக்க மட்டும் செய்யணும்" என்றால் போதும். பேசாதவரை, "நீங்க ஏன் பேசல?" என்று கேட்கவே கூடாது. எல்லோரையும் இரண்டு நிமிஷம் காகிதத்தில் எழுதச் சொல்லி வாசிக்கச் சொன்னால் அவர் குரலும் வந்துவிடும். அழுகிறவருக்குத் தண்ணீர் கொடுங்கள், தத்துவம் கொடுக்காதீர்கள். கைப்பேசியை எல்லோரும் பையில் வைக்க வேண்டும், கோச்சும்தான்.

2020-க்குப் பிறகு திரையிலும் நடத்துகிறோம். துபாயில் இருக்கிறவரும் தூத்துக்குடியில் இருக்கிறவரும் ஒரே வட்டத்தில் உட்கார முடிகிறது, நல்ல வசதி. அதில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஒன்றரை மணிக்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பை நேரம் சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள். மனம் திறந்து பேசியதை அங்கே எழுதாதீர்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், நான் டீ குடித்துக்கொண்டே செய்ததை ஒரு விரல் செய்துவிடும்.

தம்பி தங்கைகளுக்கு

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? எல்லோரும் கோச் ஆக வேண்டும் என்பதற்காக அல்ல. நீங்கள் ஆசிரியர் ஆவீர்கள், வங்கிக்குப் போவீர்கள், துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்குப் பார்ப்பீர்கள், சங்கத்தில் பொறுப்பேற்பீர்கள். எங்கே போனாலும் நாலு பேர் உங்களை நம்பி ஒரு விஷயம் சொல்லும் நாள் வரும். அன்று அந்தக் கயிறு உங்கள் கையில் இருக்கும்.

இன்றே தொடங்கலாம். ஹாஸ்டலில் ஆறு பேர் சேருங்கள். வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம். ஒருவர் பேச வேண்டும், ஐந்து பேர் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். அரியர் பேப்பரோ, வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிற நெருக்கடியோ, இங்கிலீஷ் பேசப் பயமோ, எதுவானாலும் சரி. கடைசியில் ஒரு காரியம், ஒரு தேதி. கதவுக்கு வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது. மாதம் ஒன்று ஓட்டிப் பாருங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் கூடுகிறோம், பிரியாணி சாப்பிடுகிறோம், மக்ரூன் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகிறோம். நல்லதுதான். இந்த ஆண்டு முதல் இறுதியாண்டு மாணவர்கள் ஆறு பேருக்கு ஒரு பழைய மாணவர் என்று குழு அமைக்கலாம். ஆறு சந்திப்பு போதும். முதல் இரண்டு குழுவை நான் கட்டணமில்லாமல் நடத்தித் தருகிறேன். நடத்த விரும்பும் நம் நண்பர்களுக்கு ஒருநாள் பயிற்சியும் தருகிறேன். விருப்பமுள்ளவர்கள் இன்று சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஒரு நிபந்தனை: பேசப் பிடித்தவர்கள் வேண்டாம், கேட்கப் பிடித்தவர்கள் வாருங்கள்.

கேட்பதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன் என்பது எனக்கே உறைக்கிறது. தலைவர் வேறு மணியைப் பார்க்கிறார். எங்கள் தெரு அண்ணாச்சி நேற்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் சரி தம்பி. நம்ம சின்னவளுக்கு குரூப் ஃபோர்ல இஷ்டம் இருக்கான்னே நான் இதுவரைக்கும் கேக்கலையே" என்றார். கேட்கப் போய்விட்டார்.